பண்டரிபுரத்துக்கு நடப்போம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் கண்டு களிக்க வந்திருக்கும் உங்கள் முன்னே நீண்ட உரை ஆற்றுவது முறையன்று. எனினும், நம் காலனியிலிருந்து நாங்கள் நால்வர் ஆளந்தியில் புறப்பட்டுப் பண்டரிபுரம் வரை கால்நடையாகச் சென்று வந்ததை அறிந்த சங்கத்தார், அப்பயணத்துக்கு எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்வது என்பதை எடுத்துரைக்குமாறு பணித்தனர். அடுத்த ஆண்டு நடக்க விரும்புவோர் இச்சபையில் பலர் இருக்கின்றனர் என்பதால் இசைந்தோம்.

ஆண்டுதோறும் மழைக்காலத் தொடக்கத்தில் இந்தப் புனே நகரம் காணும் காட்சியை நாம் அனைவரும் அறிவோம். ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளும், தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் பல்லக்கில் வருகின்றன. முன்னது பவானி பேட்டையிலும் பின்னது நானா பேட்டையிலும் தங்குகின்றன. நாமும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சாலையோரம் நின்று, வாழைப்பழமும் பிஸ்கட்டும் வழங்கி, கை கூப்பி வீடு திரும்புகிறோம். அது நல்ல செயலே. ஆயினும், மூன்று தலைமுறையாக இவ்வூரில் வாழும் நம்மவர் இன்னும் சாலையோரத்திலேயே நிற்கிறோமே, வரிசையினுள் ஒருவராய் நடக்கலாகாதா என்னும் எண்ணமே எங்களைப் புறப்படச் செய்தது.

நெடுநடை நம் இனத்துக்குப் புதிதன்று. செட்டிநாட்டு நகரத்தார் தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து பழநிக்கு நடந்து செல்வதையும், நடந்தே திரும்புவதையும் நாம் அறிவோம். பழநிக்கு நடந்த பாட்டனாரைப் பெற்ற குடும்பங்கள் நம் காலனியிலேயே உள்ளன. ஆகவே, நடப்பதற்கான மனம் நம்மிடம் உண்டு, வேண்டுவது ஆயத்தமே.

முதலாவது, நாட்கணக்கு. ஆஷாட மாதத்து வளர்பிறை ஏகாதசியன்று பண்டரிபுரத்தில் இருத்தல் வேண்டும் என்பதே இப்பயணத்தின் விதி. அந்நாள் ஆண்டுதோறும் மாறும். 2023 இல் ஜூன் 29, 2024 இல் ஜூலை 17, 2025 இல் ஜூலை 6 என அமைந்தது. ஞானேசுவரர் பல்லக்கு அதற்கு முந்தைய தேய்பிறை அட்டமியில் ஆளந்தியை விட்டுப் புறப்படும். சுமார் 250 கிலோமீட்டர் தூரம். ஏறத்தாழ 18 அல்லது 19 நாட்கள். எனவே, புத்தாண்டு நாட்காட்டி கைக்கு வந்தவுடன் ஏகாதசியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விடுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் மாதம். கட்டணம், புத்தகம், சீருடை ஆகியவற்றுக்கு வழி செய்யாமல் இல்லத்தரசியின் தலையில் எல்லாவற்றையும் சுமத்திவிட்டுப் புறப்படுவது புண்ணியம் ஆகாது.

இரண்டாவது, வழியறிவு. புனேயிலிருந்து ஹடப்சர், திவே மலைவழி, சாஸ்வட், ஜேஜுரி, வால்ஹே, நீரா, லோணந்த், பல்டண், நாதேபுதே, மால்சிரஸ், வேளாபூர், வாக்கரி என்று வழி செல்கிறது. புனேயிலிருந்து சாஸ்வட் செல்லும் நாளே மிகக் கடினமானது. 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை, இறுதியில் மலையேற்றம். அதுவரை மழை நனைக்கும். நீராவைக் கடந்து கிழக்கே செல்லச் செல்ல மழை குறைந்து வெயில் வாட்டும். குடையும் வேண்டும், தலைத்துண்டும் வேண்டும்.

இரயில்வே ஊழியர் என்ற முறையில் ஒன்று கூறுவோம். ஜேஜுரி, வால்ஹே, நீரா, லோணந்த் ஆகிய நான்கும் புனே–மிரஜ் பாதையில் உள்ள நிலையங்கள். ஆகவே, உடல் இடந்தராதவர் லோணந்த் வரை எந்த இடத்திலும் நடையை நிறுத்தி வண்டி ஏறி வீடு சேரலாம். அதற்கப்பால் நடைவழி இப்பாதையை விட்டு விலகிவிடும். தொடர்வதா திரும்புவதா என்பதை லோணந்தில் தீர்மானித்துக்கொள்வதே அறிவுடைமை. பண்டரிபுரத்திலிருந்து திரும்புவதற்குக் குர்டுவாடி வழியாக இரயில் உண்டு. ஏகாதசியை ஒட்டிச் சிறப்பு வண்டிகளும் விடப்படுகின்றன. ஒரு காலத்தில் பார்சி இலகு இரயில்வேயின் குறுகிய பாதையில் யாத்திரிகர் நெருக்கியடித்துச் சென்ற தடம் அது. இன்று அகலப் பாதையாகிவிட்டது.

மூன்றாவது, கால்கள். மூன்று மாதங்களுக்கு முன்பே பயிற்சி தொடங்க வேண்டும். முதல் மாதம் நாள்தோறும் நான்கைந்து கிலோமீட்டர். இரண்டாம் மாதம் எட்டு அல்லது பத்து. மூன்றாம் மாதம் சனி, ஞாயிறு இரு நாட்களும் அடுத்தடுத்து இருபது கிலோமீட்டர். இரு நாட்கள் ஏன் என்று கேட்கலாம். முதல் நாள் நடப்பது எவர்க்கும் கூடும். வலித்த கால்களோடு மறுநாள் விடியுமுன் எழுந்து நடப்பதன்றோ பயிற்சி! நாங்கள் ஒரு ஞாயிறு ஆளந்தி வரையிலும், மற்றொரு ஞாயிறு ஹடப்சரிலிருந்து சாஸ்வட் வரையிலும் நடந்து பார்த்தோம். அந்த இரண்டு நாட்களும் எங்களுக்குப் பேருதவி புரிந்தன.

புதிய செருப்போ காலணியோ அணிந்து புறப்படுதல் கூடவே கூடாது. இரண்டு மாதமேனும் பழகியதாக இருக்க வேண்டும். கொப்புளம் உராய்வினால் வருவது, ஈரம் அதை மிகுவிக்கும். தங்குமிடம் சேர்ந்ததும் கால்களைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து உலர்த்த வேண்டும். கொப்புளத்தின் தோலை உரித்தல் ஆகாது. சர்க்கரை நோய் உள்ளோர் வெறுங்காலுடன் நடத்தலாகாது. அவர்களுக்குக் காலில் பட்ட காயம் உடனே தெரியாது. மருத்துவரின் இசைவு பெற்றே புறப்பட்டு, ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைப் பிறரைக் கொண்டு பார்க்கச் செய்ய வேண்டும். பக்தி மருந்துக்கு மாற்றன்று.

நான்காவது, சுமை. இரண்டு மாற்றுடை, துண்டு, போர்வை, மழைத்தாள், தட்டு, தம்ளர், கைவிளக்கு, மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஆகியன போதும். எங்களுள் ஒருவர் முதலில் கட்டிய மூட்டையில் ஊறுகாய் மட்டும் மூன்று வகை இருந்தது! பயிற்சி நடையில் அம்மூட்டையைத் தூக்கிச் சென்றபோதே இரண்டு வகை வீட்டுக்குத் திரும்பிவிட்டன. எதை எடுத்துச் செல்வது என்பதைவிட எதை விட்டுச் செல்வது என்பதைக் கற்பதே இதில் பெரும் பாடம்.

ஐந்தாவதும் தலையாயதும் ஆன ஆயத்தம், திண்டியில் சேர்வது. திண்டி என்றதும் நம்மவர்க்குச் சிற்றுண்டி நினைவு வரும். இங்கே அது ஒன்றாக நடக்கும் குழுவின் பெயர். ஒவ்வொரு திண்டிக்கும் கொடியும், வீணை ஏந்துபவரும், பக்கவாத்தியமும், தாளமும், துளசி சுமக்கும் பெண்டிரும் உண்டு. பொருள்களையும் சமையற் பாத்திரங்களையும் கூடாரங்களையும் ஏற்றிச் செல்லும் லாரியும் உண்டு. சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே செலுத்திப் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். திண்டிகள் எண்ணிடப்பட்டுள்ளன, ரதத்துக்கு முன்னே 27 திண்டிகளும், ஏனையவை பின்னேயும் செல்லும். கொம்பு மும்முறை ஒலிக்கும்; முதல் ஒலிக்கு மூட்டை கட்டவும், அடுத்ததற்கு அணி சேரவும், மூன்றாவதற்குப் புறப்படவும் வேண்டும். கார்டின் விசிலுக்குப் பழகிய எங்களுக்கே அந்த ஒழுங்கு வியப்பளித்தது.

மாலையில் பல்லக்கு தங்குமிடம் சேர்ந்ததும் அனைவரும் சூழ்ந்து நிற்பர். கோல்காரர் தம் கோலை உயர்த்துவார். அத்தனை பெருங்கூட்டமும் அக்கணமே அடங்கிவிடும். காணாமற்போன பொருள்கள் அறிவிக்கப்படும். மறுநாள் புறப்படும் நேரம் கூறப்படும். குறையுள்ள திண்டி மட்டும் தாளத்தை நிறுத்தாது ஒலித்துக்கொண்டிருக்கும். கோல்காரர் அங்கே சென்று குறையைக் கேட்பார். எளியவர் குரல் கேட்கப்படுவதற்கு எத்துணை அழகிய ஏற்பாடு! துக்காராமின் மைந்தர் நாராயண மகராஜ் 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல்லக்கு மரபைத் தொடங்கினார். 19 ஆம் நூற்றாண்டில் ஹைபத்ராவ் பாபா ஆளந்திப் பல்லக்குக்கு இவ்வொழுங்கை அமைத்தார். ஆகவே, நாம் புதிதாகத் திட்டமிட வேண்டியது சிறிதே. அவ்வொழுங்குக்கு நம்மை ஒப்புக்கொடுப்பதே பெரிது. அலுவலகத்தில் எப்பதவி வகித்தாலும், அங்கே முதியவர் முதல் சிறுவர் வரை எல்லோரும் ஒருவரையொருவர் 'மாவுலி', அதாவது 'தாயே' என்றே அழைக்கின்றனர்.

குறை இல்லையா எனில், உண்டு. பெண்கள் மறைவிடம் தேடி நள்ளிரவுக்குப் பின் எழ வேண்டிய நிலை நெடுங்காலம் இருந்தது. இப்போது நடமாடும் கழிப்பிடங்கள் வந்துள்ளன. எனினும் கூட்டத்துக்குப் போதவில்லை. உடன்வரும் மகளிர்க்குத் திண்டியில் என்ன வசதி என்று பதியுமுன் கேட்டறிவது நம் கடமை. மற்றொன்றும் கேட்க வேண்டும். புனேயைச் சேர்ந்த பேராசிரியை ஐராவதி கார்வே இவ்வழியே நடந்தவர். ஒரே திண்டியில் பிராமணப் பெண்டிரும் மராட்டியப் பெண்டிரும் தனித்தனியே உண்டதைக் கண்டு வருந்தி எழுதினார்; அக்கட்டுரை 1962 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சோகாமேளரின் சமாதி கோயில் வாயிலுக்கு வெளியே உள்ளது. அவர்தம் மக்கள் உள்ளே நுழைவதற்கு 1947 இல் சானே குருஜி உண்ணாநோன்பு இருக்க நேர்ந்தது. ஆகவே, ஒரே பந்தியில் உண்ணும் திண்டியையே நாங்கள் தேடிச் சேர்ந்தோம். நீங்களும் அவ்வாறே செய்ய வேண்டுகிறோம்.

மொழி தடையாகுமோ என அஞ்ச வேண்டா. பல்லக்கின் முன் செல்லும் குதிரையே கர்நாடகத்து அங்கலியிலிருந்து வருவதுதான்! மராத்திப் பாடல்களில் பத்தேனும் பொருளறிந்து கற்றுக்கொண்டால் போதும். நம் பிள்ளைகள் பள்ளியில் மராத்தி பயில்கின்றனர். அவர்களையே ஆசிரியராகக் கொள்ளலாம். எங்கள் இல்லங்களில் பிள்ளைகள் உச்சரிப்பைத் திருத்த, நாங்கள் பணிவுடன் கற்றோம்.

முழுத் தூரமும் இயலாதவர் ஆளந்தியிலிருந்து புனே வரை ஒரு நாள் நடக்கலாம். இந்நகரின் கணினி நிறுவன ஊழியர் பலர் அவ்வாறு நடக்கின்றனர். நடக்கவே இயலாத முதியோர், நடப்பவர் வீட்டுப் பிள்ளைகளை அந்நாட்களில் பார்த்துக்கொண்டாலும் அது யாத்திரையில் பங்கே ஆகும். எங்கள் வீடுகளுக்கு அடுத்த வீட்டார் அவ்வாறு செய்திராவிட்டால் நாங்கள் ஆளந்தியைத் தாண்டியிருக்க மாட்டோம்.

பொங்கலுக்குப் பின் முதல் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு, காலனி விளையாட்டுத் திடலிலிருந்து பயிற்சி நடை தொடங்குகிறது. பழகிய காலணியுடன், குறைந்த சுமையுடன் வாருங்கள்.