அமைதி வேறு, சுகம் வேறு!

(வாசிகசாலை ஆண்டு விழாவொன்றில் ஆற்றிய உரையின் முக்கிய பகுதி)



உரிமை பற்றியே மேடைகளிற் பேசிவரும் எம்மை இன்று மனநோய் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இஃது எமக்குப் புறம்பான பொருளன்று. தமக்காகத் தாமே வாதாட இயலாதவர்களுக்காக வாதாடுவதே எமது தொழில். அத்தகையோருள் முன்வரிசையில் நிற்பவர் மனநோயாளர்.

ஆயினும், பிறரைக் குற்றஞ்சாட்டுமுன் எமது குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவர்களாய் இருக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் காணி உறுதி எழுதும் விடயமாக ஒரு தாய் எம்மிடம் வந்தார். அவருடைய மகன் மனச்சிதைவு நோயாளன். முப்பது வயது நிரம்பாதவன். மகன் எவ்வாறிருக்கிறான் என்று கேட்டோம். "இப்ப சத்தம் சந்தடி ஒண்டுமில்லை ஐயா. ஒரு மூலையிலை இருக்கிறான். சாப்பாடும் பெரிசாய் வேண்டாமாம். நல்லூரான் கண் திறந்திட்டான்" என்றார். நாமும் மகிழ்ந்தோம். உறுதியின் நிபந்தனைகளை விளக்கி அனுப்பிவைத்தோம். இரண்டு வாரம் கழியுமுன் அந்த இளைஞன் தன்னுயிரைப் போக்கிக்கொள்ள முயன்றான் என்ற செய்தி எம்மை வந்தடைந்தது. வைத்தியர்கள் அவனைக் காப்பாற்றினர்.

அன்பர்களே! அத்தாய் கூறிய ஒவ்வொரு சொல்லும் ஒரு சாட்சியம். மூலையில் ஒதுங்கினான், பேச்சை விட்டான், உணவை வெறுத்தான். சாட்சியத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட நாம் அதைக் கேட்டும் கேளாதவராயினோம். அமைதியைச் சுகமென்று எண்ணி ஏமாந்தோம்.

அவ்விளைஞன் கிளினிக்குக்குப் போகாதவனா? அல்லன். மாதந்தவறாமற் சென்றவன். "குரல் கேட்கிறதா? நித்திரை வருகிறதா?" என்று கேட்டார்கள்; பதில் சொன்னான்; மருந்து பெற்றான். "மனம் சோர்ந்திருக்கிறதா? வாழ்வு வெறுத்திருக்கிறதா?" என்று கேட்டவர் எவருமிலர். வாசலில் நூறு பேர் காத்து நிற்க, ஒருவருக்குச் சில நிமிடமே ஒதுக்கும் வைத்தியரை மட்டும் நோவதிற் பயனில்லை. பெரிய நோய் இருக்கும் இடத்தில் சோகம் ஒரு நோயாகவே கணிக்கப்படுவதில்லை என்பதுதான் இங்கே வழக்கு.

மனச்சிதைவு நோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரை மனச்சோர்வும் பற்றுகிறதென மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அந்நோயாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர் தம் கையாலேயே மாள்கின்றனர். நோயின் தொடக்க ஆண்டுகளும், வைத்தியசாலையை விட்டு வீடு திரும்பும் நாட்களும் பேராபத்தானவை. காரணம் விளங்குவது கடினமன்று. மயக்கம் தெளியும்போதுதான் இழந்தவையெல்லாம் கண்முன் வந்து நிற்கின்றன: பாதியில் நின்ற படிப்பு, முறிந்துபோன கல்யாணப் பேச்சு, "விசரன்" என்று ஊர் சூட்டிய பெயர். தெளிவே துயரமாகிறது! மருந்தினால் வரும் மந்தமும், நோயினால் வரும் ஒதுக்கமும், மனச்சோர்வும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிவது வைத்தியரின் கடமை; கண்டதைச் சொல்வது வீட்டாரின் கடமை.

இதற்கு மறுபுறமும் உண்டு. சில காலம் பேரெழுச்சியும் சில காலம் பெருஞ்சோர்வுமாக வருத்தும் இருமுனை நோய் உள்ளவர், சோர்வுக்காலத்தில் மட்டும் சிகிச்சை தேடி வருகிறார். தங்கையின் கல்யாணம் கெட்டுவிடுமே என்றஞ்சி, முன்னைய எழுச்சியை வீட்டார் மறைத்துவிடுகின்றனர். மனச்சோர்வு மருந்து மட்டும் தனியே கொடுக்கப்படின் அவ்வெழுச்சி மீண்டும் மூளக்கூடும். மானத்துக்காகச் சொன்ன பொய் நோயாளன் தலையில் விடிகிறது.

நம்மவர் முதலிற் சாத்திரியிடம் போகின்றனர்; நூல் கட்டுகின்றனர்; பின்னர் தலையிடி, நெஞ்சு நோ என்று வெளிநோயாளர் பிரிவுக்கு அலைகின்றனர்; மனநலப் பிரிவுக்கு வருவது கடைசியாகத்தான். கோயிலுக்குப் போக வேண்டாமென்று நாம் சொல்லோம். நேர்த்தியும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசமே. ஆனால் பஸ் கட்டணமும் ஒருநாட் கூலியும் இலவசமல்ல. சற்றுச் சுகங்கண்டதும் ஏழை கிளினிக்கைக் கைவிடுவதன் இரகசியம் இதுவே.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1873 இல் இயற்றப்பட்டு, 1956 இல் திருத்தப்பட்ட மனநோய்க் கட்டளைச் சட்டத்தின் கவலையெல்லாம் ஒருவரை எவ்வாறு அடைத்துவைப்பது என்பதே. மூலையிற் குந்தியிருந்து மெல்ல மெல்ல மடிபவனைப் பற்றி அது சிந்தித்ததில்லை. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவையின் 302 ஆம் பிரிவு 1998 இற்றான் நீக்கப்பட்டது. அதற்கு முன்னரெனில் அத்தாயின் மகன் கட்டிலிலிருந்து குற்றவாளிக் கூண்டுக்குப் போயிருப்பான்! மாற்றுத்திறனாளர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. கையொப்பமிட்ட வாக்கு கிளினிக் வாசலிலும் நிறைவேற வேண்டும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. எலும்பு முறிவைப் படம் பிடித்து அறியலாம். சோகத்தை மொழியாலன்றி அறிய வழியில்லை. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் அரச அலுவலரோடு தமிழிலே கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை வழங்குகிறது. தன் வேதனையைத் தன் மொழியிற் சொல்ல முடியாத நோயாளனுக்கு மருந்துச் சீட்டுக் கிடைக்கலாம், வைத்தியம் கிடைக்காது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. பெரிய மனநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முறையும் மனச்சோர்வு பற்றி விசாரிக்கப்பட வேண்டும். "இது உமக்குரிய இடமன்று" என்று உளவளத்துணை நிலையத்திலிருந்து அவரைத் திருப்பியனுப்புதல் ஆகாது. தமிழறிந்த வைத்தியரும் தாதியரும் நியமிக்கப்பட வேண்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றே. வீட்டில் உள்ளவர் ஒடுங்கிப்போனால் அருகிலிருந்து விசாரியுங்கள். "சாக வேண்டும் போல் இருக்கிறதா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை; அடைத்துக்கிடந்த நெஞ்சு திறக்கும். அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் நினைவில் வையுங்கள்.

அந்த இளைஞன் இன்று உயிரோடிருக்கிறான். அத்தாய் மீண்டும் எம்மிடம் வந்தபோது உறுதியைப் பற்றிப் பேசுமுன் மகனைப் பற்றிப் பேசினோம். நெடுநேரம் பேசினோம். முன்னரே பேசியிருக்க வேண்டும். நீங்களாவது காலந்தாழ்த்தாதீர்கள்!