கடல் கடந்தும் ஊர் மறவாத கவிஞர்



சென்ட்ரல் வந்துவிட்டது என்று பயணிகள் மூட்டைகளுடன் எழுந்து நிற்கையில், நம் பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றுவிடும். ஊர் கண்ணெதிரே; இறங்க வழியில்லை. புலம்பெயர்ந்த கவிஞர் சேரனைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் காத்திருப்பே என் நினைவில் எழுகிறது.

1960இல் யாழ்ப்பாணத்து அளவெட்டியில், கவிஞர் மஹாகவியின் மகனாகப் பிறந்தவர் சேரன். 1981இல் யாழ் நகரும் நூலகமும் எரிக்கப்பட்டன. அத்தீயின் சாட்சியமாக 1983இல் 'இரண்டாவது சூரிய உதயம்' வெளிவந்தது. பின்னர் கனடா சென்று வின்சர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பிழைப்பின் மொழி ஆங்கிலம். கவிதையின் மொழியோ தமிழாகவே நின்றது. 2004இல் வந்த தொகுப்பின் பெயர் 'மீண்டும் கடலுக்கு'.

அவரை ஏக்கத்தின் கவிஞர் என்பது குறைத்து மதிப்பிடுவதாகும். ஏக்கம் பழையதை அழகாக்கும். அவரோ எரிந்ததை எரிந்தபடியே சொன்னார்.

நண்பர்களே, ஊரை இழந்தவர் ஊரை எழுதினார். ஊரிலேயே இருக்கும் நாம் இப்பத்தாண்டுகளில் நிலவைப் பாடினோம். பக்கிங்காம் கால்வாயைப் பாடினோமா? இராயபுரத்துக் கடலை எழுதினோமா? இழந்த பின்னரே எழுத வேண்டும் என்பதில்லை. அடுத்த பத்தாண்டுகளை அதிலிருந்து தொடங்குவோம்.