நாவல் எழுதுகிறவனுக்கு மிஞ்சுவது இன்பமே!

என் குடும்ப ரகசியத்தையெல்லாம் மேடையிலே போட்டு உடைச்சுட்டு, இப்போ சாவகாசமாத் தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே! கொளவாய் ஏரிக் காத்தை விட்டுட்டு இந்த அரங்கத்துக்குள்ளே வந்து நிறைஞ்சிருக்கிற செங்கல்பட்டுப் பெருமக்களே!

எதிரணிச் சகோதரி என்ன சொன்னாங்க? "நாவல் எழுதுறேன்னு உக்காந்தவன் வீட்டுலே பால்காரருக்கு இருக்கிற மரியாதைகூட அவனுக்கு இருக்காது"ன்னாங்க. ஐயா, அது பொய்யின்னு சொல்ல நான் வரலே. எங்க வீட்டுலே நடந்தது இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். (சிரிப்பு)

நான் பதினொரு வருஷமா ஒரு நாவல் எழுதிக்கிட்டிருக்கேன். முனைவர் பட்டத்துக்கு நாலே வருஷத்துலே நானூறு பக்கம் எழுதினவன் நான். அதை மூணு பேர் படிச்சாங்க. மூணு பேரும் முழுசாப் படிச்சாங்களாங்கிறது வேற பட்டிமன்றம். நாவலை எங்கே எழுதறேன்? மின்சார ரயில்லே. செங்கல்பட்டுலே ஏறினா உக்கார இடம் கிடைக்கும். தாம்பரம் வரைக்கும் பேனா ஓடும். அதுக்கப்புறம் முழங்கையை மடக்க இடமிருக்காது. தினமும் பக்கத்துலே வர்ற ஒருத்தர் ஆறு மாசம் பார்த்துட்டு ஒருநாள் மெதுவாக் கேட்டார்: "என்ன சார், கோர்ட்டு கேஸா? இழுத்துக்கிட்டே போகுதே?"

ஒரு பதிப்பாளர்கிட்டே முதல் பத்து அத்தியாயத்தைக் கொண்டுபோனேன். கட்டைக் கையிலே வாங்கி எடை பார்த்தார். "புரொபசர் சார், இது கிடக்கட்டும். நீங்க பட்டிமன்றத்துலே பேசினதைத் தொகுத்துக் கொடுங்க, உடனே போட்டுடலாம்"னார். (பலத்த சிரிப்பு) சிரிக்கிறீங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலே.

இன்பம்னு பேச வந்தவன் இதையெல்லாம் ஏன் சொல்றேன்? நான் சொல்லலேன்னா அடுத்து வர்றவர் சொல்லிடுவார்!

எதிரணித் தலைவர் சி.சு. செல்லப்பாவை இழுத்தார். உண்மைதான். புத்தக மூட்டையைச் சுமந்துக்கிட்டுக் கல்லூரி கல்லூரியாப் போய் வித்த மனுஷன். 'சுதந்திர தாகம்' நாவலைத் தானே அச்சடிச்சு 1997லே வெளியிட்டார். மறுவருஷம் போயிட்டார். சாகித்திய அகாதெமி விருது 2001லே வருது. "வாங்கிக்க ஆள் இல்லையே, இதுவா இன்பம்?"னு கேட்டார். நான் திருப்பிக் கேக்கறேன். எண்பது வயசு தாண்டின ஒருத்தரை அத்தனை பக்கம் உக்காத்தி எழுத வச்சது எது? துன்பம்னா எழுந்து போயிருக்க மாட்டாரா? யாராவது வாசல்லே நின்னு தடுத்தாங்களா?

சரி, நம்ம பக்கத்துக்கே வருவோம். இங்கேருந்து திருக்கழுக்குன்றம் வழியாப் போனா மாமல்லபுரம். ரசிகமணி டி.கே.சி.யோட அந்தக் கடற்கரையிலே கல்கி உக்காந்திருக்கார். அங்கேதான் ஆயனச் சிற்பியும் சிவகாமியும் அவர் மனசுக்குள்ளே வந்து நிக்கிறாங்க. வந்தவங்களை உடனே காகிதத்துலே இறக்க முடிஞ்சுதா? பத்து வருஷத்துக்கு மேலே சுமக்கிறார். நடுவிலே பத்திரிகை வேலை. 1941லே சிறை. வெளியே வந்து அதே வருஷம் சொந்தப் பத்திரிகை. 'சிவகாமியின் சபதம்' 1944லே தொடங்கி 1946லேதான் முடியுது. அத்தனை வருஷமும் அந்த மனுஷன் அழுதுக்கிட்டா இருந்திருப்பார்? உள்ளே ஒரு சிவகாமி ஆடிக்கிட்டிருந்தாளய்யா!

"கல்கிக்குச் சொந்தப் பத்திரிகை இருந்துது, உனக்கு என்ன இருக்கு?"ன்னு கேப்பீங்க. எனக்கு ஒரு உலைக்களம் இருக்கு.

எங்க அப்பா மாமல்லபுரத்துலே சிற்பிகளுக்கு உளி முனை அடிச்சுக் கொடுத்தவர். காலையிலே மழுங்கின உளி மலையாக் கிடக்கும், சாயங்காலத்துக்குள்ளே கூராக்கிக் கொடுக்கணும். அம்மா துருத்தி போடுவாங்க. என் சின்ன வயசுலே அப்பா ஒருநாள் முடிக்காம விட்ட குடைவரை ஒண்ணைக் காட்டினார். பாறை முகத்துலே கட்டம் கட்டமா ஆழமாக் கோடு வெட்டியிருக்கு. கட்டத்துக்குள்ளே புடைச்சு நிக்கிற கல்லை உடைச்சு எடுத்தா ஓர் அடுக்கு உள்ளே போயிடலாம். மறுபடி கட்டம், மறுபடி உடைப்பு. "இப்படித்தான்டா கோயிலுக்குள்ளே போனான்"னார். இன்னைக்கு ரயில்லே ரெண்டு பக்கம் எழுதும்போது எனக்கு அந்தக் கட்டம்தான் கண்ணிலே நிக்கும்.

என் நாவல் அப்பாவைப் பத்தினது. அவர் போனப்புறம் அம்மா உலைக்களத்தைப் பத்திப் பேசினதே இல்லே. இருபது வருஷம் ஒரு வார்த்தை இல்லே. அவங்களுக்கு எழுத்து தெரியாது. ஒவ்வொரு அத்தியாயமும் எழுதினதும் வாசிச்சுக் காட்டுவேன். கேப்பாங்க, எழுந்து போயிடுவாங்க.

பன்னிரண்டாம் அத்தியாயம். அப்பா பழுக்கக் காய்ச்சின உளியை எடுத்து "சொய்ங்"குனு தண்ணியிலே முக்கினார்னு ரொம்ப அழகா எழுதியிருந்தேன். "நிறுத்துடா"ன்னாங்க. "உங்கப்பா எப்பவாவது அப்படி முக்கியிருக்காரா? முழுசா முக்கி எடுத்தா, கருங்கல்லுலே ஒரு அடி வச்சதும் முனை கண்ணாடி மாதிரி தெறிச்சுடும். நுனியை மட்டும் நனைச்சு எடுப்பாரு. தேய்ச்சுப் பார்ப்பாரு. உள்ளே இருக்கிற சூட்டுலே நிறம் முனையைப் பார்த்து ஓடி வரும். வைக்கோல் நிறம் வந்ததும் மறுபடி நனைப்பாரு. அந்த நிறத்துக்காக அவரு குனிஞ்சு பாக்குற மூஞ்சியைத்தான் நான் கட்டிக்கிட்டு வந்தேன், நீ தண்ணியைப் பத்தி எழுதுறே!"

ஐயா, டாக்டர் பட்டம் வாங்கின மகனுக்கு அன்னைக்கு அம்மா கொடுத்த மார்க்கு பூஜ்யம். அந்த அத்தியாயத்தைக் கிழிச்சேன். ராத்திரி ஒரு மணி வரைக்கும் அம்மா பேசினாங்க. இருபது வருஷமா மூடிக் கிடந்த வீட்டுக் கதவு திறந்தது. நான் எழுதின தப்பாலே திறந்தது! எதிரணி நண்பர்களே, இதுக்கு எந்தப் பதிப்பாளர் எனக்கு ராயல்டி கொடுப்பார்?

அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. இருபத்தாறு அத்தியாயம் கேட்டிருந்தாங்க. இன்னும் ஒன்பது பாக்கி. மூணு மாசம் பேனாவைத் தொடலே. சகோதரி சொன்ன துன்பம் இதுதான்னா, ஒத்துக்கறேன், தாயே, இது துன்பம்தான்.

இப்ப மறுபடி எழுதறேன். பழக்கம் விடலே, எழுதினதும் கூடத்துலே உக்காந்து சத்தமா வாசிக்கிறேன். நாற்காலி காலியா இருக்கு. போன ஞாயித்துக்கிழமை அப்படி வாசிச்சுக்கிட்டிருக்கேன், அடுப்படியிலேருந்து என் மனைவி குரல் கொடுக்கிறாங்க: "அந்த இடத்தை அத்தை ஒத்துக்க மாட்டாங்களே!"

பார்த்தேன். ஒத்துக்க மாட்டாங்கதான். அடிச்சுட்டேன்.

நடுவர் மணியிலே கை வச்சுட்டார். ஐயா, ஆறரை மணி ரயிலுக்கு எழுந்திருக்கணும், நானே முடிச்சுக்கறேன்.