பட்டியல் எழுதும் முன்

(சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



பிச்சாவரத்துக்கு மூன்று நாள் இயற்கை முகாம். தினமும் துடுப்புப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் பயணம். பிள்ளைகள் என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று சொல்லச் சொன்னார்கள். அதற்கு முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதன்முறை முகாமுக்குப் போனபோது டிராக் சூட், ரெயின்கோட், ஷூ, டார்ச் லைட் என்று நீளமாக ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன், குரலை வைத்தே பறவையின் பெயரைச் சொல்பவன். புறப்படும் அன்று வயிற்றுவலி என்று வரவில்லை. பிறகு அவன் அம்மா சொன்னார்: “ஷூவும் கோட்டும் வாங்க முடியல டீச்சர். எல்லார் முன்னாடியும் இல்லைன்னு நிக்கக் கூச்சப்பட்டான்.” அவனை வீட்டில் நிறுத்தியது என் பட்டியல். இப்போது வீட்டில் இருப்பதை வைத்தே பட்டியல் எழுதுகிறேன்.

முதலில் உடை. இரண்டே செட் போதும். ஒன்று படகுக்கு, மூன்று நாளும் அதுதான். மற்றொன்று கரைக்குத் திரும்பியபின் இரவுக்கு. அதை எக்காரணம் கொண்டும் படகில் அணியக் கூடாது. தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்திவிடும். ஈரத் துணியோடு காற்றில் உட்கார்ந்தால் நம் ஊர் வெயிலிலும் பிள்ளை நடுங்கும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், மறுநாளும் காயாது. பழைய பாலியஸ்டர் முழுக்கைச் சட்டை வெயிலுக்கும் கொசுவுக்கும் நல்லது. தொப்பிக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கயிறு கட்டுங்கள்.

அடுத்து பை. அரசு தந்த புத்தகப்பையே போதும். வீட்டில் இருக்கும் கனமான பாலித்தீன் பைக்குள் துணியைச் சுருட்டி வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்ட் போட வேண்டும். முதல் நாளே அந்தப் பையில் தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை மாணவர் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இங்கும் அதே கணக்குதான். 40 கிலோ பிள்ளைக்கு 4 கிலோ.

காலணி. ரப்பர் செருப்பு சேற்றில் கழன்றுவிடும். வெறுங்காலில் இறங்கினால் மூச்சு வேர்கள் குத்தும், சிப்பி கிழிக்கும். பின்வார் உள்ள செருப்பு வேண்டும். இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூபை வாராக வெட்டிக் கணுக்காலோடு கட்டலாம்.

உப்பங்கழித் தண்ணீரைக் குடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர் படகில் இருக்க வேண்டும்.

உயிர்காப்பு உடை நம் பொறுப்பு. நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் விலக்கு இல்லை. கொக்கிகளை மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது, மாற்றுங்கள். சரியான அளவு கிடைக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளையைப் படகில் ஏற்றாதீர்கள்.

டார்ச், முதலுதவிப் பெட்டி, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், நாப்கின், உபரியாக இரண்டு மூன்று செட் உடை, துண்டு ஆகியவை பொதுப் பையில் இருக்கட்டும். யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி அந்தப் பையை வையுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டே ஈரத்தோடு தூங்கும் பிள்ளைகள் உண்டு.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு வகுப்பில் என் பையை நானே கட்டிக் காட்டுவேன். பிள்ளைகளின் பைகளை எல்லோர் முன்னும் திறக்கமாட்டேன். தனித்தனியாகக் கூப்பிட்டுத்தான் பார்ப்பேன்.

அடுத்த ஆண்டு அந்த மாணவன் வந்தான். அப்பாவின் பழைய சட்டை, டியூப் வார் கட்டிய செருப்பு. கால்வாய்க்குள் நுழைந்ததும், படகோட்டி கை காட்டும் முன்பே, “மீன்கொத்தி, டீச்சர்” என்றான்.

பட்டியலை எழுதி முடித்ததும், உங்கள் வகுப்பிலேயே வசதி குறைந்த பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.