உங்கள் பெயர் எந்த வட்டாரத்தில் இருக்கிறது?

(லூனாஸில் தோட்டத் தொழிலாளர், கிராணிமார் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் பெரட்டுக்கு நின்று, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்த கையோடு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்க மாட்டேன். ஓட்டுரிமை பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது உங்கள் மனச்சாட்சியைப் பொறுத்தது. அதில் நான் தலையிடுவதற்கில்லை.

நம்மூர்க் கதையிலேயே தொடங்குகிறேன். 2000ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி, லூனாஸ் சட்டமன்ற உறுப்பினர் டாக்டர் ஜோ பெர்னாண்டஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் 29ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. பாரிசான் தோற்றது; கெஅடிலான் வேட்பாளர் 530 ஓட்டில் வென்றார். கெடா சட்டமன்றத்தில் மொத்தம் 36 இடங்கள். பாரிசான் வசம் இருந்தவை 24, அதாவது அச்சாக மூன்றில் இரண்டு பங்கு. லூனாஸ் போனதும் 23 ஆயிற்று. மாநில அரசியல் சட்டத்தைத் தன் பலத்தாலேயே திருத்தும் சக்தி அன்றோடு போயிற்று.

அந்த முடிவு நல்லதா கெட்டதா என்று இங்கே வாதாட வேண்டாம். 530 என்பது எவ்வளவு? 266 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் முடிவு தலைகீழ். ஒரு பெரிய தோட்டத்துப் பெரட்டில் நிற்கும் ஆட்கள்! நம் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது என்கிற தோழர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

இந்த உரிமை நமக்குச் சும்மா வந்ததல்ல. 1955இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் வாக்காளர்களில் இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லை. காரணம், பெரும்பாலோருக்குப் பிரஜா உரிமை கிடையாது. 1957இல் சுதந்திரம் வந்தபோது, இந்நாட்டில் பிறந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தவர்களுக்கு மலாய் மொழிச் சோதனை இல்லை என்று சலுகை தரப்பட்டது. என் தாயார் கெடாத் தோட்டத்தில் பிறந்தவர். “அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறோம், இந்தப் பாரம் எதற்கு?” என்று பாட்டனார் சொல்லிவிட்டார். கப்பலும் ஏறவில்லை, மனுவும் எழுதவில்லை. சிவப்பு அடையாளக் கார்டோடுதான் தாயார் கடைசிவரை இருந்தார். தேர்தல் நாளன்று எங்களோடு நடந்து வந்து பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருப்பார். உள்ளே விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஜனநாயகத்துக்குப் பேர்போன அமெரிக்காவிலும் தோட்டக்காட்டு ஜனங்களுக்கு இதே பாடுதான். மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டத்தில் பேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண்மணி 18 ஆண்டு வேலை செய்தார். செக்ரோலில் பேர் போடும் வேலையும் அவருடையது, கிராணிமார் கவனிக்கவும். அவர் பிரஜைதான், பேப்பரில் உரிமை இருந்தது. 1962 ஆகஸ்ட் 31 அன்று, ஆம், நம் சுதந்திர தினத் தேதியில், வேறு 17 பேரோடு பஸ்ஸில் போய் வாக்காளராகப் பதிய மனுக் கொடுத்தார். சட்டப் பரீட்சை என்று ஒன்றை வைத்துத் தேறவிடாமல் அனுப்பினார்கள். திரும்பி வந்தால், மனுவை வாபஸ் வாங்கு, இல்லையேல் தோட்டத்தை விட்டுப் போ என்றார் முதலாளி. உமக்காகப் போகவில்லை, எனக்காகவே போனேன் என்று சொல்லிவிட்டு அன்றிரவே அந்த அம்மாள் வெளியேறினார். 1963 ஜனவரியில் மறுபடி எழுதித் தேறினார். அப்படிப்பட்ட பரீட்சைகளைத் தடுத்த வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்டில்தான் வந்தது.

நமக்கு இன்று பரீட்சை கிடையாது. 2021 டிசம்பர் 15 முதல், 18 வயதான பிரஜைகளின் பெயர் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. பாரம் நிரப்ப வேண்டியதில்லை. சௌகரியந்தான். ஆனால் இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் வந்தேன். பெயர் ஏறுவது அடையாளக் கார்டில் உள்ள விலாசப்படி. நம் நிலைமை என்ன? தோட்டத்தை விற்றார்கள், துண்டு போட்டார்கள், லயத்தை இடித்து வீடமைப்புக் கட்டினார்கள். நாம் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோனோம். கார்டு மட்டும் இன்னும் இல்லாத லயத்தின் இல்லாத வாசற்படியிலேயே குடியிருக்கிறது! தேர்தல் நாளில் பழைய வட்டாரத்துக்கு ஓட வேண்டும். பினாங்கு, கூலிம் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போவார்களா? ‘அடுத்த தடவை பார்க்கலாம்’ என்பார்கள்.

ஆகவே, வீடு மாறியவர்கள் தேசியப் பதிவிலாகாவில் விலாசத்தை மாற்றுங்கள். பிறகு தேர்தல் ஆணையப் பட்டியலில் உங்கள் பெயர் எந்தத் தொகுதியில், எந்த வாக்குச் சாவடியில் இருக்கிறது என்று பாருங்கள். கைப்பேசியிலேயே பார்க்கலாம். தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கேளுங்கள், வெட்கமில்லை. வீட்டில் சிவப்புக் கார்டோடு பெரியவர்கள் இருந்தால், அவர்களுடைய பிறப்புப் பத்திரம், பழைய செக்ரோல் துண்டு, சம்பளச் சீட்டு எதையும் குப்பையில் போடாதீர்கள். பிரஜா உரிமை மனுவுக்கு எந்தத் தாள் உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மண்டபத்தின் பின்புறம் மேஜை போட்டு இரண்டு இளம் கிராணிமார் உட்கார்ந்திருக்கிறார்கள். தேநீர் குடித்துவிட்டு, அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு வரிசையாக அங்கே வாருங்கள். கார்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் நாளை மாலை ஐந்து மணிக்கு வரலாம்.