பெயர் தெரியாத கருவி



பழைய தச்சுக் கருவியொன்று கைக்குக் கிடைத்து, அது இன்னதென்று விளங்காதபோது, நம்மில் பெரும்பாலோர் முதலில் கேட்பது அதன் பெயரைத்தான். என் அபிப்பிராயத்தில் அக்கேள்வி கடைசியில் எழவேண்டியது. எந்தக் காரியத்தை உத்தேசித்து அக்கருவி உருவாயிற்றோ அதை அதன் அங்க லட்சணங்களிலிருந்தே ஊகித்துவிட்டால், பெயர் பின்னால் தானே வந்து சேரும்.

இங்கிலாந்தில் பழம்பொருள் விற்பவர்களிடம் காணக்கூடிய ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். அரைவட்டமாக அறுத்த கனத்த பலகை. அதன் அடியில், வளைந்த முகமுடைய ஒரு கட்டை. அந்த முகத்திலிருந்து ரம்பப் பற்கள் போன்ற சிறு முனைகளும், அவற்றுக்கிடையே கிளிமூக்காய் வளைந்த ஓர் இரும்பும் துருத்திக்கொண்டிருக்கும். பார்த்த மாத்திரத்தில் ஏதோ விசித்திரமான இழைப்புளி என்று தோன்றும். ஆனால் சமமான மரத்தின்மேல் அதை வைத்து ஓட்ட முடியாது. இரும்பின் வாயோ அகலமாகச் சீவுவதற்கு ஏற்றதன்று. குறுகிய காடி எடுக்கவே ஏற்றது. நேரான காடிக்கு வளைந்த கட்டை எதற்கு? ஆகவே காடி வட்டமாக ஓடவேண்டும். கட்டையின் முகம் வெளிப்புறம் வளைந்திருப்பதால், ஒரு பாத்திரத்தின் உட்சுவரை ஒட்டி ஓடவேண்டும். தட்டையான பலகையோ அந்தப் பாத்திரத்தின் விளிம்பின்மேல் படிந்து, காடி எங்கும் ஒரே ஆழத்தில் விழுமாறு காக்கவேண்டும். இவ்வளவும் பொருந்துகிற வஸ்து ஒன்றே: மரப் பீப்பாய்.

பீப்பாய் செய்வோர் 'குரோஸ்' என்று அழைத்த கருவி அது. அது வெட்டிய காடியில்தான் பீப்பாயின் வட்ட மூடி, பசையும் ஆணியுமின்றி, இரும்பு வளையங்களின் இறுக்கத்தாலேயே ஒழுகாமல் அமர்கிறது. மூடியின் அளவைக் காண்பதற்கு அத்தொழிலாளர் கணக்குப் போடுவதில்லை. கவராயத்தைக் காடியிலே வைத்து அடியடியாகச் சுற்றிவந்து, சரியாக ஆறாவது அடிவைப்பில் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும்வரை அதை விரித்தும் குறுக்கியும் பார்ப்பார்கள். அப்போது கவராயத்தில் நிற்கும் அகலமே மூடியின் ஆரம். கேத்திர கணிதத்தின் ஒரு சூக்ஷ்மத்தை இவ்வளவு லாகவமாகக் கையாண்ட அந்தக் கைகளை நான் வியக்காமலிருக்க முடியவில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பீர் ஆலைகள் உலோகப் பீப்பாய்களுக்கு மாறியதும் தொழில் அருகியது. கருவிகள் பெயரிழந்து கடைக்கு வந்தன.

இத்தகைய அநாதைக் கருவிகளைத் தேடித் தொகுத்து, ரஃபேல் சாலமன் என்பவர் 1975-ல் தச்சுக் கருவிகளுக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். அத்தகைய நூலைப் புரட்டுமுன்பே கருவியை நன்றாகப் பரிசோதிப்பது உத்தமம்: கூரின் சரிவு ஒருபக்கமா இருபக்கமா, கைப்பிடி எங்கே வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது, எந்த முகம் மரத்தோடு உராய்ந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். மரத்தில் பதிந்த பெயர் முத்திரைகள் பல இருந்தால், அவை யாவும் செய்தவர் பெயரல்ல; கைமாறி வந்த உடைமையாளர் பெயர்களும் அவற்றில் கலந்திருக்கும்.

உங்கள் இல்லத்துப் பரண்மீது அப்படியொரு கருவி கிடக்குமானால், அதை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். தேய்ந்த தடங்களே அதன் சாட்சியம். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவைத்து, வயோதிகத் தச்சர் ஒருவரிடம் காலந்தாழ்த்தாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.