நாங்கள் பதிந்த பாட்டுக்கள்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையைப்பற்றிப் பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டபொழுது சற்றுத் தயங்கினேன். நான் சங்கீதம் கற்றவனல்லன். ஆனால் பாட்டுக் கேட்டவன்; கேட்டதைப் பிறருக்குக் கொடுத்தவன். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டே இம்மேடையில் நிற்கின்றேன்.

இங்கு முன்வரிசையிலிருக்கும் தம்பிமார் தமக்குப் பிடித்த பாட்டைக் கைத்தொலைபேசியில் ஒரு விரலசைவால் கனடாவிலுள்ள மைத்துனனுக்கு அனுப்பிவிடுகின்றார்கள். அதனைக் குறைகூற நான் வரவில்லை. அந்த வசதி எங்களுக்குக் கிடைத்திருந்தால் நாங்களும் விட்டுவைத்திருக்கமாட்டோம்.

எங்கள் சிறுவயதில் நண்பனுக்கு ஒரு பாட்டைக் கொடுப்பதென்றால் தபாலட்டை வாங்கவேண்டும். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பில் ஆரம்பமான வானொலி, 1950இல் வர்த்தக சேவையுந் தொடங்கியபின் கடல்கடந்து தமிழ்நாட்டிலும் எண்ணிறந்த நேயர்களைத் தேடிக்கொண்டது. 'நேயர் விருப்பம்' நிகழ்ச்சியில் நமது பெயர் வாசிக்கப்படுமா என்று வாரக்கணக்கிற் காத்திருப்போம். பாட்டு மூன்று நிமிஷம், பெயர்ப்பட்டியல் நாலு நிமிஷமென்று பெரியவர்கள் பரிகாசஞ் செய்வதுண்டு. 'இசையும் கதையும்' என்று மற்றொன்று. நேயர் ஒருவர் எழுதிய கதைக்கு இடையிடையே பாட்டுக்கள் வரும். தனியே நிற்கும்போது ஒரு பொருளைச் சொல்லும் பாட்டு, வேறு இரண்டு பாட்டுக்களின் நடுவில் நிற்கும்போது வேறொன்றைச் சொல்லும் என்பதை எம்மவர் பலர் அங்கேதான் படித்தார்கள்.

அந்தப் படிப்பு கசெற் வந்தபின் கைகொடுத்தது. பிலிப்ஸ் கம்பனியார் 1963இல் வெளியிட்ட இந்தச் சிறு ஒலிநாடாப் பெட்டி எங்கள் வீடுகளுக்கு வந்துசேரப் பல வருஷங்கள் சென்றன. வந்தபின்னரோ, ஊர்ப் பையன்கள் எல்லோரும் ஒவ்வொரு வானொலி நிலையத்துக்கு அதிபதிகளாகிவிட்டோம்! வெற்றுக் கசெற் ஒன்றையும், பாட்டுக்களின் பெயரெழுதிய கடுதாசி ஒன்றையும் பட்டினத்து ரெக்கோடிங் பாரிற் கொடுத்துவிட்டால், சில நாட் கழித்துப் பதிந்து தருவார்கள். காசில்லாதவர்கள் வானொலியிலிருந்து பதிவோம். அறிவிப்பாளர் பாட்டு முடியுமுன் பேசத் தொடங்கிவிட்டால் அன்று முழுவதும் அவர்மேற் கோபம். கோயில் திருவிழா இரவிற் கண்ணன் கோஷ்டியார் பாடுகையில், ஒலிபெருக்கி கட்டிய பனையடியில் ரேப் ரெக்கோடரை வைத்துவிட்டுக் காவலிருந்தவர்களும் உண்டு. அப்படிப் பதிந்ததிற் பாட்டுப் பாதி, கச்சான் விற்பவரின் குரல் பாதி.

எந்தப் பாட்டைச் சேர்ப்பதென்பதிற் சண்டைக்குக் குறைவில்லை. சௌந்தரராஜன் பக்கம் ஒரு கட்சி, ஸ்ரீனிவாஸ் பக்கம் ஒரு கட்சி. 1976இல் 'அன்னக்கிளி' வந்தபின் இளையராஜா கட்சி என்று மூன்றாவதொன்று. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் மனோகரனின் 'சுராங்கனி'யும் வீட்டிலே கேட்டால் ஐயாவின் முகங் கடுக்கும். ஆனால் அவரே கிணற்றடியில் அவற்றை முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கின்றேன்.

எங்களிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. அறுபது நிமிஷக் கசெற்றிற் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். பக்கத்தின் கடைசியிற் பாட்டு அரைகுறையாக அறுபட்டால் அந்தக் கசெற்றை நண்பனுக்குக் கொடுப்பது மரியாதையன்று. ஆகையால் நிமிஷங்களைக் கூட்டிப் பார்த்து, கடைசிப் பாட்டுக்கு இடம் போதாதெனின் அதனை விட்டுவிடுவோம். இந்த விதியைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கசெற்றின் பின்விளிம்பில் இரண்டு சிறு தகடுகள் இருக்கும். ஒன்றை முறித்துவிட்டால் அதற்குரிய பக்கத்தில் மறுபடி பதிய முடியாது. முறித்த குழியிற் கடுதாசியைத் திணித்தால் மீண்டும் பதியலாம். இதனை அறியாத பையன் அக்காலத்தில் இல்லை. அறிந்திருந்ததே எனக்கு வினையாயிற்று.

1978இற் கப்பலில் வேலைசெய்த மாமா சிறியதொரு ரேப் ரெக்கோடர் கொண்டுவந்தார். ஐயா ஒருநாட் பின்னேரம் ஆச்சியைத் திண்ணையில் இருத்தி, அவர் பாடிய தாலாட்டுக்களை ஒரு கசெற்றில் இருபக்கமும் பதிந்து, இரு தகடுகளையும் தம் கையாலேயே முறித்துவைத்தார். இரண்டு வருஷத்தில் ஆச்சி காலமானார். 1984இல் என் நண்பன் ஜேர்மனிக்குப் புறப்பட்டான். அவனுக்கென்று பன்னிரண்டு பாட்டுக்களை ஒரு மாதமாகத் தேர்ந்து, ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். வெற்றுக் கசெற் வாங்கக் காசில்லை. மறுநாட் காலை அவன் பயணம். மேசை லாச்சியைத் திறந்தேன். கடுதாசியைத் திணித்தேன். அயல்வீட்டு இரட்டைக் கசெற் இயந்திரத்தில் இரவோடிரவாகப் பதிந்து கொடுத்துவிட்டேன்.

சில மாதங்களின் பின் ஐயா கேட்டார்: "தம்பி, ஆச்சியின்ர கசெற்றைக் கண்டனியோ?"

"இல்லை ஐயா."

அவர் மறுமுறை கேட்கவில்லை. பின்னர் ஊரில் நடந்தவற்றைப் பெரியோர் அறிவீர்கள். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரமில்லை. பற்றறி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தித் தைனமோவைப் பூட்டி, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் கேட்போம். 1992இல் வெளிவந்த 'ரோஜா' பாட்டுக்களை நான் முதன்முதல் அப்படித்தான் கேட்டேன். சுற்றுபவர் களைத்தால் பாடகரும் களைப்பார். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்தைவிட்டு எல்லோரும் வெளியேறியபொழுது, கசெற்றுக்கள் நிறைந்த பிஸ்கற் தகரம் வீட்டிலேயே கிடந்தது. அடுத்த வருஷந் திரும்பிவந்து பார்த்தோம். கூரையில்லை, மழைத்தண்ணீரிற் கிடந்து நாடா முழுவதும் ஒட்டிப்போயிருந்தது.

ஐயா 2006இற் காலமானார். நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

2014ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு அந்த நண்பன் வந்தான். என் கையெழுத்துள்ள அந்தக் கசெற்றை எடுத்து மேசையில் வைத்தான். அங்கே தொழிற்சாலைக்குப் போகும் பஸ்சில் முதல் இரண்டு வருஷமும் அதையே கேட்டானாம். இருவரும் இருந்து முழுவதுங் கேட்டோம். இரண்டாம் பக்கத்தில் ஆறாவது பாட்டு முடிந்தது. நான் நிறுத்தப்போனேன். "பொறு, இனித்தான் இருக்கு" என்றான்.

ஏழாவது பாட்டுக்கு இடம் போதாதென்று நான் விட்டுவைத்த நாலு நிமிஷம் அது. அங்கே ஆச்சி இருந்தார். தாலாட்டின் பிற்பகுதி, பிறகு ஓர் இருமல், பிறகு, "மோனை, உது இன்னுஞ் சுத்துதோ? நிப்பாட்டு, கண்டு கயித்தை அறுத்துப்போட்டுது" என்ற குரல். அதற்கு மேலாக ஐயா சிரிக்கும் சத்தம்.

ஆர் அந்தக் கிழவியென்று தனக்குத் தெரியாதென்றும், ஜேர்மனியில் எல்லாப் பாட்டிலும் அதனையே கூடக் கேட்டதென்றும் நண்பன் சொன்னான்.

ஆகையால் உங்களிடம் ஒரு காரியங் கேட்கின்றேன். உங்கள் வீடுகளில், அல்லது வெளிநாட்டிலுள்ள உறவினர் வீடுகளிற் பழைய கசெற்றுக்கள் இருக்கும். சினிமாப் பாட்டுத்தானே என்று எறியாதீர்கள். முதலில் அந்தத் தகடுகளை முறியுங்கள். பூஞ்சணம் பிடித்ததை இயந்திரத்திலிட்டு ஓட்டாமல் அப்படியே கொண்டுவாருங்கள். யாருடைய குரல், எந்த வருஷம், யார் பதிந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு கடுதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் வார் மாற்றிய இயந்திரம் ஒன்று உண்டு. கணினியிற் பதியும் வேலையைச் செயலாளர் ஏற்றிருக்கின்றார். வருகிற ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குச் சங்க வாசிகசாலையில் இருப்போம். ஒவ்வொரு பக்கத்தையும் நாடா முடியும்வரை ஓடவிட்டே கேட்கப்போவதால், மாலைத் தேநீருக்கு வீட்டிற் சொல்லிவிட்டு வாருங்கள்.